வெளிச்சத்தை மறைத்தவர்

திண்டிவனம்
14.7.2025

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. நீ அங்கே சுகமாக இருப்பதாகத்தான் ஒவ்வொரு முறையும் சொல்கிறாய், இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்வாய் என்பதால் நம்பிக்கொள்கிறோம். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, போன வாரம் நான்தான் பாதியில் வைத்தேன், அதற்கு நான் வருத்தப்படவில்லை, ஆனால் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்தது தவறு. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவை விழுப்புரத்தில் எலும்பு டாக்டரிடம் காட்டினோம், மாடிப்படி ஏறக் கூடாது என்றார், நம் வீட்டுக்கு மாடியே இல்லை என்று அம்மா சொன்னதும் டாக்டரே சிரித்துவிட்டார். வல்லத்தில் உன் பெரியம்மா வீட்டில் பேரனுக்குக் காது குத்தினார்கள். எல்லாருக்கும் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய் அழைத்த உன் பெரியப்பா எனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் பத்திரிகையைத் தட்டிவிட்டார், நான் போகவில்லை, வாட்ஸ்அப்பிலேயே ஒரு கும்பிடு அனுப்பினேன். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் பொறுப்பு இந்த ஆண்டும் எனக்கு வரவில்லை, என்னைவிட ஆறு ஆண்டு இளையவருக்குப் போனது, கையெழுத்து வாங்க அவர் அறைக்குப் போகும்போதெல்லாம் எழுந்து நிற்கிறார், அந்த மரியாதையையும் நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இதெல்லாம் உனக்குப் பழகிய புலம்பல்தான். விஷயத்துக்கு வருகிறேன்.

அகமதாபாத்தில் உன் கல்லூரிக் கடைசி ஆண்டுக் கண்காட்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தை அனுப்பியிருந்தாயே, எனக்கு உந்துதல் தந்தவை என்று தலைப்புப் போட்டு மூன்று பத்தி, அதைப் பள்ளிக்கூட அலுவலகத்தில் அச்செடுத்து நாலைந்து முறை படித்தேன். கல்விக்கு நீ ஜெசிந்தா டீச்சரை எழுதியிருக்கிறாய், அது சரி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருவக்கரைக்கு அழைத்துப் போய்க் கல்லான மரத்தின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்க்கச் சொன்ன பெண்மணி அவர், பாடத்திட்டத்தில் இல்லாததைச் செய்தார் என்று விளக்கக் கடிதம் கேட்டார்கள், அதற்குப் பதில் எழுதித் தந்தது நான்தான். வடிவமைப்புக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டின் ஊர்ப் பலகைகளை எழுதியிருக்கிறாய், ஓடுகிற பஸ்ஸில் தூரத்திலிருந்து படிக்க வேண்டியதால் அந்த எழுத்துக்கு அகம்பாவம் கிடையாது என்றாய், நல்ல வாக்கியம். ஆனால் புகைப்படத்துக்கு, மூன்றிலும் முதலாவதாக, சீனுவாசன் என்று எழுதினாய். திண்டிவனம் சீனுவாசன் ஸ்டுடியோவின் முகங்கள் உள்ளிருந்து வெளிச்சம் விடுகின்றன, அங்கேதான் நான் பார்க்கக் கற்றேன் என்று எழுதினாய். அந்த ஆள் போன மாதம் செத்ததும், அவருடைய படம் ஒன்று உங்களிடம் இருக்கிறதாமே, அதைப் பதினாறாம் நாள் படத்திறப்புக்குக் கொடுத்துவிடுங்கள், ஸ்கேன் எடுத்து எனக்கும் அனுப்புங்கள், இந்தப் பக்கத்தில் அவர் முகம் வர வேண்டும், இருபத்தெட்டாம் தேதி அச்சுக்குப் போகிறது என்று கேட்டாய். அப்போதுதான் போனை வைத்தேன்.

எண்பது வயதில் செத்தவனை அவன் இவன் என்று எழுதப் போகிறேன், படிக்கச் சங்கடமாக இருந்தால் பொறுத்துக்கொள். பிளஸ் ஒன், பிளஸ் டூ படித்த இரண்டு வருடமும் சாயங்காலத்திலும் லீவு நாளிலும் நான் அவன் ஸ்டுடியோவில்தான் வேலை செய்தேன். இதை உன்னிடம் சொன்னதே இல்லை. தரை பெருக்கவும் பிரிண்ட் கழுவவும் என்று சேர்த்தவன் என் கை நடுங்காததைப் பார்த்து நெகட்டிவ் திருத்துகிற வேலையைக் கொடுத்தான். நெகட்டிவின் மங்கலான பக்கத்தில் ஊசி போலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும், அங்கே கறுப்பு ஏற ஏற பிரிண்டில் வெளுப்பாக வரும். கண்ணுக்குக் கீழே உள்ள குழி, அம்மைத் தழும்பு, வெயில் தின்ற நெற்றி எல்லாவற்றையும் அப்படித்தான் நிரப்புவேன். அவனே பொறுமையாக உட்கார்ந்து செய்கிற ஆள் இல்லை. கறுப்பா குடுத்தா எவன்டா ரெண்டாவது காப்பி கேப்பான் என்பான், அவ்வளவுதான் அவனுடைய கலைக் கொள்கை. ஆகவே மகளே, உள்ளிருந்து வருகிறது என்று நீ எழுதிய அந்த வெளிச்சம் அவனுடையது அல்ல, என்னுடைய பென்சில். நம்பாவிட்டால் நீ ஸ்கேன் செய்ததில் 212ஆம் எண்ணைப் பெரிதாக்கிப் பார், மேல்சித்தாமூரிலிருந்து வந்த அண்ணனும் தங்கையும் கைகோத்துக்கொண்டு நிற்பார்கள், இரண்டு பேருக்கும் இடது காதுமடலுக்குக் கீழே கடுகளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். நான் திருத்திய ஒவ்வொரு முகத்திலும் அது இருக்கும். அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

நீ இரண்டு வருடத்துக்கு முன் கோடை லீவில் அந்த ஸ்டுடியோவுக்குப் போய் நானூறு நெகட்டிவ் ஸ்கேன் எடுத்தபோது நான் தடுக்கவில்லை, என்ன சொல்லித் தடுப்பது. அவனைப் பற்றி உனக்கு நல்லதாகச் சொல்லி வளர்த்தது உன் ஆயா, அவளுக்கு அப்படிச் சொல்லிவைத்தது நான். அதைத்தான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

1988 பங்குனியில், மல்லாட்டை வரத்து அதிகமாக இருந்த சமயம், கடலை மண்டியில் லாரி மேலிருந்து மூட்டையோடு விழுந்து உன் தாத்தா மாரியப்பன் இறந்துபோனார். ஆஸ்பத்திரியிலிருந்து காலனிக்குக் கொண்டு வந்து கிடத்தியிருந்தோம். அதுவரை அவரை யாரும் படம் எடுத்ததில்லை, கல்யாணத்திலும் இல்லை. இரண்டு வருடம் போட்டோக் கடையில் வேலை செய்த மகன் நானும் எடுக்கவில்லை, பொங்கலுக்குச் சட்டை எடுத்ததும் வர்றேன்டா என்று அவர் தள்ளிப்போட்டார், நானும் விட்டுவிட்டேன். உன் ஆயா என்னைக் கூப்பிட்டு, அவர் கடையிலதான வேல செய்யற, ஓடிப்போய் இட்டாந்து ஒரே ஒரு போட்டோ புடிச்சி வெச்சிடு, நாள் ஆனா மூஞ்சி மறந்துடும்டா என்றாள். ஓடினேன். அவன் ஃபிலிம் மாட்டிக்கொண்டிருந்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஃபிலிமை மாட்டி முடித்து மூடியைச் சாத்தினான். அப்புறம் சொன்னான், ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்: "அந்தத் தெருவுக்கெல்லாம் நான் வர்றதில்லடா, உனக்குத் தெரியாததா. நாலு கஸ்டமர் பாத்தா அப்புறம் எவன் உள்ள வருவான்? பொணத்த ரோட்டுக்குத் தூக்கியா, நின்ன எடத்துலயே எடுத்துத் தர்றேன். காசு வாணாம்."

காசு வேண்டாம் என்றானே, அதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. நான் வீட்டுக்குத் திரும்பினேன். பெற்றவளிடம் போய் உன் புருஷனை ரோட்டுக்குத் தூக்கு என்று சொல்ல முடியுமா. கேமரா ரிப்பேர்மா, அவரே ரொம்ப வருத்தப்பட்டார் என்று சொன்னேன். அவள் நம்பினாள், சாகும்வரை நம்பினாள், பாவம் நல்ல மனுஷன், அன்னைக்குன்னு பாத்து பொட்டி ரிப்பேர் ஆயிடுச்சி என்று உன் காதிலும் போட்டாள். அவளுக்காகச் சொன்ன பொய்யில் எதிரிக்கு நானே நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தேன், அந்த நல்ல பெயரை நம்பி நீ அவன் கடைக்குப் போனாய், இப்போது அது அகமதாபாத்தில் அச்சாகப் போகிறது. என் பகையெல்லாம் எழுதிவைத்தால் ஒரு நோட்டுப் புத்தகம் தேறும் என்று உன் அம்மா கிண்டல் செய்வாள், அதில் இந்தப் பக்கத்தை மட்டும் முப்பத்தேழு வருடமாக நான் யாருக்கும் காட்டவில்லை.

பதினாறாம் நாள் சுமைதூக்கும் தொழிலாளர் சங்கத்தார் தாத்தாவுக்குப் படத்திறப்பு வைத்தார்கள். படம் இல்லை என்று சொன்னால் யாரும் நம்பவில்லை, பையன் ஸ்டுடியோவிலதான வேல பாக்கறான் என்றார்கள். கடையில் சட்டம் வாங்கி வந்தேன், வெள்ளை அட்டையில் இந்தியன் இங்க்கால் மாரியப்பன் என்று எழுதி உள்ளே வைத்தேன். தலைவர் துணியை இழுத்தார். கூட்டம் முகத்தைத் தேடிக்கொண்டு நின்றது, பிறகு யாரோ ஒருவர் மாலையைப் போட்டார். நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அதுதான். சின்ன வயதில் தாத்தா ஏன் எழுத்தாக இருக்கிறார் என்று நீ கேட்டாய், கேமரா ரிப்பேர் என்று ஆயா சொன்னாள், நான் வெளியே எழுந்து போய்விட்டேன்.

இப்போது அவன் வீட்டு நிலைமை. புயல் வெள்ளத்தில் கிடங்கல் ஏரித் தண்ணீர் புகுந்து ஸ்டுடியோவின் ஆல்பமும் நெகட்டிவும் கூழாகிவிட்டது உனக்குத் தெரியும், உன் ஸ்கேன்தான் மிச்சம், ஊரையே எடுத்தவன் அதில் எங்கும் இல்லை. பத்து வருடம் முன் பக்கவாதத்தில் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, போனில் எடுத்ததெல்லாம் அதற்குப் பிந்தியவை. இந்தக் கோணவாயை மாட்டக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். அந்த மகள் பானுப்ரியா, உனக்கு ஸ்கேன் எடுக்க மேசை போட்டுத் தந்தவள், பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, சார், அப்பா படம் ஒண்ணு உங்ககிட்ட இருக்குதுன்னு அப்பாவே சொல்லும் என்றாள். அவனுக்குத் தெரிந்திருக்கிறது பார். அப்படியானால் ஏன் கேட்கவில்லை என்றேன். கேக்க மூஞ்சி இல்லன்னு சொல்லும் சார் என்றாள். கேட்டிருக்கலாம், முப்பத்தேழு வருடமாக என் தெரு அதே இடத்தில்தான் இருக்கிறது. வேண்டுமானால் என் வீட்டுக்கு வந்து கேட்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன், வர மாட்டார்கள் என்று நினைத்தேன். மறுநாள் வண்டியைக் காலனி முனையில் நிறுத்திவிட்டுத் தெரு நடுவே நடந்து வந்தாள், அம்மா கொடுத்த டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். இது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், மறைக்கவில்லை. எல்லாவற்றையும் அவள் முன்னாலேயே சொன்னேன், அவன் சொன்ன வாக்கியத்தையும் சொன்னேன், அம்மாவும் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டாள், முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள். பானுப்ரியா குனிந்து டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாது சார், தெரிஞ்சிருந்தா உங்க பொண்ணு வந்தப்பவே சொல்லியிருப்பேன் என்றாள். அப்புறம், ஆனா படமே இல்லாம எப்பிடி சார் படம் தொறக்கறது என்றாள்.

"நாங்க தொறந்தோம்" என்றேன். கூடத்துச் சட்டத்தைக் காட்டினேன்.

அவளை உட்காரவைத்துவிட்டு அதே அளவு வெள்ளை அட்டை, அதே இந்தியன் இங்க், சீனுவாசன் என்று எழுதினேன். இத்தனை வயதிலும் கை நடுங்கவில்லை. இத வெச்சித் தொறங்க, காசு வாணாம் என்று நீட்டினேன். அந்த இரண்டு சொல்லைச் சொல்ல இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அவள் வாங்கிக்கொண்டாள். அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், அவளுக்குக் கோபமா வருத்தமா என்று நான் கேட்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு. நான் போனேன், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். சத்தியத்தை மீறிப் போனிலிருந்து பெரிதாக்கி எதையாவது மாட்டியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். போட்டோகிராபர் சங்கத் தலைவர் துணியை இழுத்ததும் என் எழுத்துதான் இருந்தது. ஊரில் உள்ள போட்டோக்காரர்கள் அத்தனை பேரும் கழுத்தில் கேமராவோடு நின்றிருந்தார்கள், ஒருத்தரும் அதைத் தூக்கவில்லை. எனக்குப் பின்னால் ஒருவர், இன்னாப்பா இது, போட்டோக்காரனுக்கே போட்டோ இல்லையா என்றார். அந்த வார்த்தை என் காதில் தேன் மாதிரி விழுந்தது. பானுப்ரியா மைக்கை வாங்கி, எங்கப்பா படம் ஒண்ணு இருக்குது, ஆனா அது எங்க வீட்டுது இல்ல, அதுக்குக் காரணம் எங்கப்பாதான் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. பந்தியில் உட்கார்ந்து சாம்பார் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். என்ன பகை என்று தெரியாமலேயே, மன்னித்துவிட்டால் மனது லேசாகும் என்று நீ போனில் சொன்னாய், மன்னிக்காமலேயே லேசாக இருக்கிறது.

இனி அந்தப் படம். அது என்ன படம் என்று உனக்குத் தெரியாது, பானுப்ரியாவுக்கும் தெரியாது. தாத்தா சாவதற்கு நாலு மாதம் முன், கார்த்திகையில், ஒரு ரோலில் கடைசிப் படம் மிச்சம் இருந்தது. ஸ்டுடியோ மேற்குப் பார்த்த கடை. சாயங்கால வெயில் எப்படி விழுகிறது என்று பார்க்கலாம் என்று அவன் கதவுத் திரையைத் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, என்னை ஒண்ணு எடுடா என்றான். பின்னால் தொங்குகிற துணியில் அகலமாக மாடிப்படி வரைந்திருக்கும், நீயும் பார்த்திருப்பாய். நான் குனிந்து பார்த்து அமுக்கினேன். அமுக்கின அதே நேரத்தில் அவன், யார்ரா அது வெளிச்சத்த மறைக்கறது, நகரு என்று வாசலைப் பார்த்துக் கத்தினான். என்னை வல்லத்துக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போக மண்டியிலிருந்து நேராக வந்த தாத்தா வாசற்படிக்குக் கீழே நின்றிருந்தார். அந்தப் படிக்கு மேல் அவர் ஏறியதில்லை. நகரு என்றதும் நகர்ந்துவிட்டார். கழுவிப் பார்த்தால் படத்தின் இடது ஓரத்தில் அவருடைய நிழல், தலையில் முண்டாசு, தோளில் மூட்டைக் கொக்கி, தரையில் நீண்டு துணியில் வரைந்த மாடிப்படியில் பாதி ஏறியிருக்கிறது. நிழல் விழுந்து கெட்டுப்போச்சு, கடாசு என்றான். கடாசாமல் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். ரோட்டுக்குத் தூக்கியா என்று அவன் சொன்ன அன்று, வெளியே வரும்போது அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அவனுடைய படத்தைத் திருடினதாக அவன் நினைத்துக்கொண்டான்.

பானுப்ரியாவிடம் கொடுத்திருந்தால் ஃபிளெக்ஸ் கடைக்காரன் முதல் வேலையாக அந்த நிழலைத்தான் வெட்டியிருப்பான். அதனால் கொடுக்கவில்லை. உனக்கு அனுப்புகிறேன், பட்டர் பேப்பரில் சுற்றி இரண்டு அட்டைக்கு நடுவில் இதோடு வைத்திருக்கிறேன், ஓரத்தைப் பிடித்து எடு. அவன் முகத்தில் மட்டும் நான் பென்சில் வைக்கவில்லை, இருக்கிறபடியேதான் இருக்கிறது.

நீ செய்ய வேண்டியது இரண்டு. உந்துதல் பக்கத்தில் அவன் பெயரை எடுக்க வேண்டாம். நீ அதை உண்மையாக எழுதினாய், பெயரை எடுக்கிறது அவன் பழக்கம், நம்முடையது அல்ல. ஆனால் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், அவன் என்னிடம் சொன்ன வாக்கியத்தைப் போடு, காசு வேண்டாம் என்றது உட்பட. பார்க்க வருகிற உங்கள் புரபசர்மார்களுக்கு இங்கிலீஷிலும் போடு. இரண்டாவது, படம். முழுப் படத்தையும் போட்டு இருவருக்கும் இடம் தரலாமே அப்பா என்று நீ சொல்வாய், உன் குணம் எனக்குத் தெரியும். கூடாது. ஸ்டூலையும் ஸ்டூலில் உட்கார்ந்தவனையும் வெட்டிவிடு. இடது ஓரத்தை மட்டும் பெரிதாக்கி, பக்கம் முழுக்க வருகிற மாதிரி அச்சடி. அடியில் மாரியப்பன் என்று எழுது, எழுத்தை நீயே வரை. ஒரு பிரதி எனக்கு வேண்டும், கூடத்துச் சட்டத்தின் அளவு அனுப்புகிறேன். வெட்டின மிச்சத்தை என்ன செய்வது என்று கேட்காதே. கெட்டுப்போனது, கடாசு.

அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மல்லாட்டை உருண்டை தனி டப்பாவில் வருகிறது, அறைத் தோழிகளுக்கும் கொடு, எறும்பு வரும் முன் தீர்த்துவிடு. தீபாவளி ரயிலுக்கு ஆகஸ்டில் ரிசர்வேஷன் திறக்கும், கடைசி நாளில் அலையாதே. கை நடுங்காமல், எடுத்த வேலையில் பெயர் வாங்கி, நீண்ட நாள் நன்றாயிரு. அச்சுக்குக் கொடுக்கும் முன் 212ஐப் பெரிதாக்கிப் பார்க்க மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
மா. தென்னரசு